பூப்பாவாடையும் விதி எண் நான்கும்

கொடியில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள் கடுகு. எல்லாம் ஈரம். மூன்று நாள் மழை. காய்ந்து கிடந்தவை மூன்றே மூன்று: கட்டம் போட்ட சட்டை, பூப்போட்ட பாவாடை, புள்ளி வைத்த ஸ்வெட்டர்.

"ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதும்மா."

பஸ் ஓட்டும் அம்மா ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் மறு கையில் சாவியுமாகப் பறந்துகொண்டிருந்தாள். "உடம்பு மூடினா சரிடி. எனக்கு நேரமாச்சு."

அது மட்டும் போதுமா? கடுகு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இன்று வீட்டு உடையில் வகுப்புப் புகைப்படம். கப்பலில் சமையல்காரராக இருக்கும் அப்பாவுக்கு அந்தப் படம் போகும். போன வருடம் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். பெயருக்கேற்ற உயரம் அவளுக்கு. முன்னால் நின்றவனின் தோளுக்கு மேல் ஒரு காது மட்டும் தெரிந்தது.

"காது நல்லா இருக்குடா" என்றார் அப்பா போனில். பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தப் பேசாத நேரத்தைக் கடுகு மறக்கவில்லை.

இந்த வருடம் முன்வரிசையில் நின்றே ஆக வேண்டும்.

பள்ளி வராந்தாவில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையோடு அவள் வகுப்புப் பையன் ஒருவன் நின்றிருந்தான். சட்டையில் அட்டை குத்தியிருந்தது: 'உடை ஒழுங்குக் குழுத் தலைவர்'. "எல்லாரையும் மூணு வரிசையா நிறுத்துப்பா" என்று மட்டும்தான் டீச்சர் சொல்லியிருந்தார். அட்டையும் பட்டமும் அவன் சொந்தத் தயாரிப்பு.

கடுகைக் கண்டதும் தலைவர் கண்ணை மூடித் திறந்தார்.

"கட்டம், பூ, புள்ளி. விதி எண் நாலின்படி சேரவே கூடாது. நீ கடைசி வரிசை."

"யார் போட்ட விதி?"

"குழு."

"குழுவுல யாரெல்லாம் இருக்கா?"

"நான்."

"அப்புறம்?"

"அப்புறம் எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல."

பேச்சு முடிந்ததற்கு அடையாளமாகத் தலைவர் கால்மேல் கால் போட்டு பெஞ்சில் அமர்ந்தார். புகைப்படத்துக்காகக் காவல்காரர் காலையில்தான் அந்த பெஞ்சுக்குப் பச்சை அடித்திருந்தார். 'ஈரம்' என்று எழுதி ஒட்டிய தாள் காற்றில் பறந்து எங்கோ போயிருந்தது.

மணி அடித்தது. தலைவர் எழுந்தார். பின்னால் தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் பச்சை. வெள்ளைக் கால்சட்டையில் நான்கு பட்டைக் கோடுகள். முகம் வெளுத்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

பார்த்தது கடுகு மட்டும்தான். ஒரு சத்தம் போட்டால் போதும், வகுப்பே கூடிவிடும். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் அவன் கை வயிற்றைப் பிடித்திருந்தது, காலையிலிருந்து அவள் பிடித்துக்கொண்டிருந்த அதே இடத்தில்.

ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினாள். "இடுப்புல கட்டிக்கோ. பின்னாடி தெரியாது."

"புள்ளி போட்டிருக்கே."

"கோடும் போட்டிருக்க. எதைக் காட்டப் போற, நீயே முடிவு பண்ணு."

அவன் அவசரமாகக் கட்டிக்கொண்டான். முடிச்சு நிற்கவில்லை. கடுகே இறுக்கிவிட்டாள்.

"ஆமா, விதி எண் நாலு?"

"குழு கூடி மாத்திடுச்சு."

"எப்போ?"

"இப்பத்தான்" என்றான் அவன் தரையைப் பார்த்தபடி. "முன்வரிசையில வந்து நில்லு. என் பக்கத்துல."

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பியும் ஆயிற்று. ஆனாலும் கடுகின் கவலை தீரவில்லை. இந்தக் கோலத்தைப் பார்த்தால் அப்பா சிரிப்பாரோ? மறுபடியும் பேசாமல் இருப்பாரோ? எட்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் போன் வந்தது.

"நாப்பது பிள்ளைங்கள்ல உன்னை ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டேன்டா. சமையல் கட்டுல ஒட்டி வெச்சிருக்கேன்" என்றார் அப்பா. நிறுத்தாமல் பேசினார். "அது சரி, பக்கத்துல இடுப்புல புள்ளித்துணி கட்டிக்கிட்டு விறைப்பா ஒருத்தன் நிக்கிறானே, யாரு?"

"அவனாப்பா?" என்றாள் கடுகு. "அவன் ஒரு குழு."