ஹார்ன் அடிக்காமல் கடந்த வளைவு

நேற்று மாலை வரை அந்த வளைவில் அனிமித்தா எதுவும் இருந்ததில்லை. யஸ்னாவுக்கு அது நிச்சயம். மீன் ஆலைக்குக் கடலோரச் சாலையில் தினமும் போய்வருகிறவள். எந்த மேட்டில் யாருடைய பிள்ளை செத்தான், எந்தக் குட்டி வீட்டில் யார் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சாலையில் உயிர் போன இடத்தில் வீட்டார் கட்டிவைக்கும், நாய்க்கூண்டு அளவே உள்ள அந்த அனிமித்தா வீடுகளை ஹார்ன் அடிக்காமல் யாரும் கடப்பதில்லை. அடிக்காமல் போனால் செத்தவர் வண்டியில் ஏறிக்கொள்வார் என்பார்கள். இப்போது மூடுபனிக்குள் ஒன்று புதிதாக நின்றது. அதன் வெள்ளையடிப்பு இன்னும் காயாதது போலப் பட்டது.

"அங்க யாரு செத்தாங்க?" வண்டியை ஓட்டியபடியே கேட்டாள் யஸ்னா.

"எங்கடி? வெறும் மணலுதானே கெடக்கு!" என்றாள் கிளாடிஸ். ஆலையில் பக்கத்து மேசையில் மீன் அறுக்கிறவள், மாலையில் யஸ்னாவின் வண்டியில் ஓசியில் வருகிறவள்.

அடுத்த மேட்டில் ரொட்டிக்காரனின் பழைய அனிமித்தா வந்தது. யஸ்னாவின் ஒரு கை ஸ்டீயரிங்கில் இருந்தது, மறு கை ஃபோனில். ஹார்னுக்கு மூன்றாவது கை ஏது? கிளாடிஸ் குறுக்கே எக்கித் தானே அடித்தாள். அடித்த கையோடு ஃபோனைப் பிடுங்கிப் பின்சீட்டில் எறிந்தாள்.

"அடியே, பொண்ணு காத்துக்கிட்டிருக்கா! பதில் போடலேன்னா பயந்துருவா."

"பதில் வரலேன்னா பயப்படுவா. அம்மாவே வரலேன்னா என்னடி பண்ணுவா? எழுதணும்னா ஓரங்கட்டி நிறுத்திட்டு எழுது. இல்லேன்னா அது அங்கயே கெடக்கட்டும். கைக்கு எட்டலேன்னா வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கும்."

"ஆமா, பெரிய போலீஸு இவ."

பெட்ரோல் பங்க்கில் கிளாடிஸ் இறங்கினாள். "போய்ச் சேந்துட்டு மெசேஜ் போடு. சேந்துட்டு. காதுல விழுந்துச்சா?" என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். புத்தி சொன்னவள் இறங்கினால் சொன்ன புத்தியும் கூடவே இறங்கிவிடுகிறது. பங்க்கின் விளக்கு கண்ணாடியிலிருந்து மறையும் முன்பே யஸ்னா ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவி ஃபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மகள் டமாரிஸ் எழுதியிருந்தாள். ‘மா, எங்க இருக்க? ஸ்டாப்புல யாருமே இல்ல. குளுருது.’

பதினைந்து வயதுப் பெண், ஆளில்லாத நிறுத்தம், இருட்டிக்கொண்டு வரும் நேரம். பெற்ற மனம் சும்மா இருக்குமா? யஸ்னா கட்டை விரலால் எழுதினாள். ‘பத்து நிமிஷம் கண்ணு. ரோட்டோரமா வந்து நில்லு, இல்லேன்னா பனியில தெரிய மாட்டே.’

கடலிலிருந்து பனி ஏறி வந்து கண்ணாடியை மெழுகியது. வலது வைப்பர் ஒவ்வொரு முறையும் கீச்சிட்டுத் திரும்பியது. அவள் உடுப்பிலிருந்த மீன் வாடையோடு உருகும் மெழுகின் வாசனை எங்கிருந்தோ வந்து கலந்தது, ஜன்னல்கள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன, இருந்தும் அது பின்சீட்டுப் பக்கமிருந்தே வருவது போல இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது அது சாலையோரத்தில் நின்றது.

அதே அனிமித்தா. அதே ஈர வெள்ளை. இப்போது அதற்குச் சின்னக் கதவும் தகரக் கூரையும் வந்திருந்தன. உள்ளே மெழுகுவத்தி எரிந்தது. இத்தனை காற்றிலும் சுடர் அசையவில்லை.

கை ஹார்னுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஃபோன் அதிர்ந்தது, கை அதற்குப் போனது.

‘சரிமா. ரோட்டு வெள்ளைக் கோட்டுக்கிட்ட நிக்கறேன்.’

மூன்றாவது முறை அது அவளுக்காகவே காத்திருந்தது போல, விளக்கொளி விழும் இடத்தில் சரியாக நின்றது. யாரோ காகிதப் பூ செருகியிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. சுடருக்குப் பக்கத்தில் ஒரு ஃபோன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பச்சை உறை. உறையின் தலையில் இரண்டு தவளைக் கண்கள். ஒன்று பிய்ந்திருந்தது.

டமாரிஸின் ஃபோன். அந்தக் கண்ணைப் பிய்த்தது பக்கத்து வீட்டு நாய். போன வாரம்தான் அதற்காக அழுதாள்.

யஸ்னா வண்டியை நிறுத்தியிருக்கலாம். அந்த வீட்டின் அருகில் நிற்கக் கால் துணியவில்லை. ஹார்னை அழுத்தியிருக்கலாம், அழுத்திக்கொண்டே போயிருக்கலாம், அந்தச் சத்தம் பனியைக் கிழித்துக்கொண்டு மகளின் காதுக்குப் போயிருக்கும். அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். அதைத்தான் வருஷக்கணக்காகப் பழகியிருந்தாள்.

எழுதினாள். எழுத்து தப்பியது. அழித்தாள். மறுபடி எழுதினாள்.

‘ரோட்ட விட்டுத் தள்ளிப் போ கண்ணு’

அனுப்பினாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு டிக். சாம்பல் நிறம். நீலமாகு. ஆண்டவரே, நீலமாகு.

நீலமானது.

படித்துவிட்டாள்! குனிந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.

வண்டியின் முன்பக்கம் மோதிய சத்தம் பெரிதாக இல்லை. மாவு மூட்டை ஒன்று விழுந்தது போல.

வண்டி எப்படியோ நின்றது. வைப்பர் மட்டும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. யஸ்னா இறங்கினாள். வெள்ளைக் கோடு. நிறுத்தத்தின் தகரக் கூரை. ஒற்றைச் செருப்பு. தார்ச்சாலையில் மல்லாந்து கிடந்த பச்சை ஃபோன். அதன் வெளிச்சத்தில் அவள் எழுதிய வரி எழுத்துப் பிழையில்லாமல் எரிந்தது. அருகே அனிமித்தா எதுவும் இல்லை. மணல்தான் இருந்தது.

"டமாரிஸ்" என்றாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு லாரி வந்தது. அது நிற்கவில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்த வெறும் மணலைப் பார்த்து, மரியாதையாக இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அதன் பின்னால் வந்த கார் அடித்தது. அதற்குப் பின்னால் வந்த பஸ்ஸும் அடித்தது.