கீழ்க் கதவு

காலை ஷிஃப்ட்டில் தனக்கொடியின் முதல் வேலை ஜாடிகளுக்குச் சாராயம் ஊற்றுவது. ஊற்றாவிட்டால் உள்ளே கிடப்பவை காய்ந்து, தொட்டால் உதிரும். தேளுக்கு ஊற்றினாள். நத்தைகளுக்கு ஊற்றினாள். அடிநகரின் இரண்டாம் தளத்தில் இருக்கும் இந்த அருங்காட்சியகத்துக்கு வேடிக்கை பார்க்க யாரும் வருவதில்லை. தளம் தோண்டும் வெட்டு இலாகாக்காரர்கள் மட்டும் வருவார்கள், எந்த ஜாடி பாக்கி என்று கேட்பதற்கு.

மேலே பூமியில் பாதி வருஷம் மனிதன் நிற்க முடியாது. மண்ணைக் குடைந்து, தளம் தளமாகக் கீழே இறங்கித்தான் பிழைப்பு. இடம் கிடைக்காதவர்கள் மேட்டுக் கொட்டகைகளில் வரிசையில் கிடக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் வெப்பச் சங்கு ஊதும்போதெல்லாம் அந்த வரிசை கொஞ்சம் குறையும். குறைந்தவர்களை வண்டியில் ஏற்றிப் போவார்கள்.

தோண்டுவதற்கு ஒரு சட்டம் குறுக்கே நின்றது. பெயரில்லாத உயிரை அழிக்கக் கூடாது. பெயர்கூடத் தெரியாமல் இத்தனை உயிர் போயிற்றே என்று வெட்கப்பட்டவர்கள் போட்ட சட்டம் அது. ஓர் இடத்தில் என்றோ பிடித்த பூச்சி பெயரில்லாமல் ஜாடியில் இருந்தால், அந்த இடத்தில் கடப்பாறை விழக் கூடாது. நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். நாளடைவில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. பெயர் வைத்துவிட்டால் வெட்டலாம். தனக்கொடி ஒரு நத்தைக்குப் பெயர் வைத்தாள், ஆறாம் தளம் வந்தது. ஒரு தேளுக்கு வைத்தாள், ஏழாம் தளம் வந்தது. குடியேறியவர்கள் அவளுக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இப்போது பாக்கி ஒரு சிலந்தி. செம்மேட்டில் எண்பது வருஷத்துக்கு முன் யாரோ வளையோடு தோண்டி எடுத்தது. ஆதிச்சிலந்தி வகை, கருத்த உடம்பு, நேர்கீழாகக் கொத்தும் பல். வலை பின்னாது. மண்ணுக்குள் வளை தோண்டி, வாசலுக்கு மண்ணாலும் நூலாலும் கதவு செய்து மூடிக்கொண்டு, பெண்ணாக இருந்தால் சாகும்வரை அதற்குள்ளேயே இருக்கும். இது பெண். உலகத்தில் இந்த ஒன்றுதான் மிச்சம். இது கெட்டுப்போனால் பெயர் வைக்க வழியில்லை. அடுத்து நாலாயிரம் பேருக்குத் தளம் வெட்ட இருந்த செம்மேட்டுக்கு நிரந்தரப் பூட்டு.

பெண் சிலந்தியின் இனத்தைச் சொல்வது அதன் வயிற்றுக்குள் இருக்கும் விந்துப்பை. அரை எள்ளளவுதான். தனக்கொடி அதை வெட்டி எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் காரக் கரைசலில் போட்டாள். சுற்றியிருக்கும் சதை கரைந்து பை மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அதற்குள் எடுக்கத் தவறினால் பையும் சேர்ந்து கரைந்துவிடும்.

இடுக்கியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தபோது தம்பி கலியமூர்த்தி உள்ளே வந்தான். துளையெந்திரம் ஓட்டுகிறவன். பூட்ஸ் நிறைய செம்மண்.

"முடிஞ்சுதாக்கா?"

"ஒக்காரு. சுகந்தி எப்படி இருக்கா?"

"எப்படி இருப்பா. கொட்டகையில ஈரத்துணிய வயித்துல போட்டுக்கிட்டுப் படுத்திருக்கா. அந்தத் துணியப் புழிஞ்சு குடிக்கக் கூடாதுன்னு நான் தெனம் சத்தம் போட வேண்டியிருக்கு." அவன் நெற்றியைத் துடைத்தான். "எட்டாம் மாசம்க்கா. போன கோடையில ஒண்ணப் பறி கொடுத்தாச்சு."

அவளுக்குத் தெரியும். துணியில் சுற்றி வந்த அந்தக் குழந்தையை வாங்கியவளே அவள்தான்.

"செம்மேட்டுல எனக்கு ரூம் போட்டிருக்காங்க. எந்திரம் வாசல்ல நிக்குது. உன் எட்டுக்காலிக்கு ஒரு பேரு விழுந்தா நாளைக்கே எறக்கிருவேன்." சிரிக்கப் பார்த்தான். "என் பேர வையேன். கலியமூர்த்தி சிலந்தி."

"இது பொம்பள."

"அப்ப என் பொண்டாட்டி பேர வை. முறைப்பா, ஆனா உள்ளுக்குள்ள குளுந்து போவா."

தனக்கொடி சிரிக்கவில்லை. இன்னொரு ஜாடியைத் திறந்து, அதிலிருந்த இரண்டு வில்லைகளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இதுங்கதான் அதோட கதவு."

"ரெண்டா? வசதியான வீடுதான். எங்களுக்கு ஒண்ணுகூட இல்ல."

"மேல ஒண்ணு. வளையோட அடியில ஒண்ணு. மேல்கதவு பூரான், குளவி வராம இருக்க. கீழ ஒண்ணு எதுக்கு?"

அவன் கீழ்க் கதவைத் திருப்பிப் பார்த்தான். மேல்கதவைப் போல மூன்று மடங்கு கனம். நடுவில் மேல்நோக்கி உப்பியிருந்தது, எதுவோ கீழிருந்து அழுத்தி அழுத்தித் தள்ளியதுபோல. அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொடி அப்பியிருந்தது.

"தொட்டுப் பாரு."

மண்ணிலேயே வளர்ந்தவன். கட்டைவிரலால் தேய்த்தான். செம்மண் இல்லை. மாவு மாதிரி நைசான வண்டல். தேய்த்த விரல் அப்படியே நின்றது.

அவர்களுடைய அப்பா மூன்றாம் தளத்தில் கூடை சுமந்தவர். அன்றைக்கும் மண்ணுக்கு அடியில் பார்க்கும் நிலவூடு கருவி, கீழே தண்ணீரே இல்லை என்றுதான் சொல்லியிருந்தது. முதலில் தரை உப்பியது, பிறகு பிளந்து தண்ணீர் பீறிட்டது என்று தப்பி வந்த ஒருத்தர் சொன்னார். அப்பாவைக் கழுவியபோது மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் இந்தச் சாம்பல் வண்டல் வந்துகொண்டே இருந்தது. கழுவக் கழுவ வந்தது.

"இலாகாவுல சொன்னியா?" குரல் இறங்கியிருந்தது.

"ஜோதிலிங்கம் சார்கிட்ட நேத்தே சொன்னேன். பூச்சிக்கு எத்தன காலு, எத்தன கண்ணு, அத எழும்மா, பூமிக்கு அடியில என்ன இருக்குன்னு சொல்லக் கருவி இருக்குன்னாரு. செத்த பூச்சிய நம்பி நாலாயிரம் பேர வெயில்ல நிறுத்துவியான்னாரு. எழுதலன்னா வேற ஆள வச்சு எழுதிக்குவேன்னாரு."

"அவரு சொல்றதுல என்னா தப்பு?" கலியமூர்த்தி கதவைக் கீழே வைத்தான். "எண்பது வருசத்து மண்ணுக்கா இது. அந்தத் தண்ணி வத்தியிருக்கும்."

"இருக்கலாம்."

"மேல ஒரு சொட்டு இல்ல. கீழ மட்டும் எங்கேர்ந்து வரும்?"

"தெரியல."

"அப்ப எழுதேன்." மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினான். "எறங்கப் போறவன் நான். மொத ஆளா சாவப் போறவனும் நான். நானே பயப்படல, உனக்கென்ன?"

 கையில் ஒட்டியிருந்த சாம்பலை அவன் கால்சட்டையில் தேய்த்தான். போகவில்லை, மறுபடியும் தேய்த்தான். தனக்கொடி கிண்ணத்தைப் பார்த்தாள். பையைச் சுற்றியிருந்த சதை போய்விட்டது. இரண்டு குட்டிக் கொம்புகளைப் போலப் பை தெளிவாகத் தெரிந்தது. இப்போது எடுக்க வேண்டும். இடுக்கியைக் கரைசல்வரை கொண்டுபோனாள். வயிற்றில் ஈரத்துணியோடு சுகந்தி படுத்திருப்பது கண்ணுக்குள் தெரிந்தது. அப்பாவின் காதும் தெரிந்தது. இடுக்கியை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"அம்மா சாவுறப்ப என்னா சொல்லுச்சு, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இப்ப எதுக்கு அது?"

"கூடைக்குப் போவாதன்னுச்சு உன்ன. நீ எந்திரத்துக்குப் போன. கூடை இல்லியேன்னு சொன்ன."

"பேச்ச மாத்தாத. எழுதுவியா மாட்டியா?" அவன் குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தான். "இது என்னா?"

"அதோட விந்துப்பை. அத வரைஞ்சாத்தான் பேரு வைக்க முடியும்."

"எங்க? வெறும் தண்ணியாத்தான இருக்கு."

 அவன் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிச் சாய்த்துப் பார்த்தான். பிறகு மேஜைமேல் கிடந்த இடுக்கியைப் பார்த்தான், அதன் நுனி காய்ந்திருந்தது. மெல்லக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"என்னாக்கா பண்ண நீ."

"கரைஞ்சிடுச்சு."

"நாலாயிரம் பேரு."

"ஆமா."

"கீழ தண்ணியே இல்லன்னா?"

 அது இனி யாருக்கும் தெரியாது. அங்கே யாரும் தோண்டிப் பார்க்கப்போவதில்லை. கழுத்திலிருந்த காற்றுவில்லையைக் கழற்றினாள். அது இருந்தால்தான் அவள் அறைக் கதவு திறக்கும், காற்றுக்குழாய் ஓடும். அறையில் ஒரு பெரிய ஆளுக்கும் கைக்குழந்தைக்கும் மட்டுமே காற்று.

"சுகந்திய என் ரூமுக்குக் கூட்டிட்டு வந்துரு."

"நீ?"

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அவன் வில்லையை வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் போனான். திட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

சாயங்காலம் அவள் மேலேறினாள். கதவு திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. கொட்டகையில் தகரம் படபடத்தது. பாயில் இரண்டு பிள்ளைகளைப் போட்டு விசிறிக்கொண்டிருந்த ஒருத்தி, அவள் சீருடையைப் பார்த்ததும் பிள்ளைகளை ஒதுக்கி நிழலில் இடம் விட்டாள்.

"மியூசியத்து அம்மாவா? ஒக்காருங்க. பேரு வச்சாச்சாம்மா?"

தூரத்தில் வெப்பச் சங்கு ஊத ஆரம்பித்தது. கொட்டகை முழுக்கப் பேச்சு நின்று, எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். தனக்கொடி தரையைப் பார்த்தாள். செம்மண் தரை, சாணம் போட்டு மெழுகியது. எங்கும் உப்பவில்லை. சமமாக இருந்தது. கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.