அளவுக்கு வந்த கவுன்

அளவுக்கென்று கொடுத்த கவுன் போன வாரத்தைவிட அரை அங்குலம் பெரிதாக இருந்தது.

தையல்காரி டேப்பை இன்னொரு முறை மார்புச் சுற்றில் வைத்துப் பார்த்தாள். இருபத்தைந்தரை. நோட்டில் போன புதன்கிழமைக்கு நேராக இருபத்தைந்து என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. அதே மஞ்சள் கவுன், அதே உடைந்த பொத்தான், கழுத்தோரம் அதே பேனா மை. துவைத்தால் துணி சுருங்கும். வளர்ந்து எங்கே பார்த்தோம்? பதினெட்டு வருஷமாகத் தைக்கிற கைக்கு அளவு தப்பாது என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இன்று அந்தக் கர்வம் உதவிக்கு வரவில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். முதல் வாரம் இருபத்திரண்டு. அப்புறம் வாரத்துக்கு அரை அங்குலம், தப்பாமல்.

இருபத்தாறு அவள் மகளின் அளவு. அது நினைவுக்கு வந்ததும் நோட்டை மூடிவைத்தாள்.

நகரத்தை விட்டு இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. வீட்டுக்கு முன்னால் மெயின் ரோடு, பின்னால் வயல், வயலுக்கு அப்பால் இருபது வீடுகள். அந்த வீட்டுக்காரர்கள் ரோட்டுக்கு வர இவர்கள் கொல்லைக்குள் நுழைந்து முன்வாசல் வழியாகப் போவது பழக்கம். தலை துவட்டிக்கொண்டு நிற்கும்போது அரிவாளோடு ஒரு ஆள் வந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போவான்.

"நாம வாங்குனது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று அவள் கணவன் சிரித்தான். சுற்றிலும் ஆளுயரச் சுவர் எழுப்பினான். பின்பக்கம் தகரக் கேட் போட்டான். உள்பக்கம் பூட்டு வாங்கி மாட்டியது அவள்தான். "நாலு நாள் தட்டுவாங்க. நீ எந்திரிக்காத. தானா விட்டுருவாங்க," என்றான் அவன்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானமும் தட்டினார்கள். அது வேறு மாதிரித் தட்டல், இரண்டு கையாலும் அறைகிற மாதிரி. மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். என்ன திமிர் என்றுதான் தோன்றியது. மறுபடி தைக்க ஆரம்பித்தாள். பாம்பு கடித்த ஏழு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா நின்றிருந்தாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி இவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் இருக்கிறது. கேட் திறக்காததால் ஊர்க் குளத்தைச் சுற்றி ஓடியிருக்கிறார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

அன்று வீட்டில் ஆள் இல்லை என்று தையல்காரி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், கணவனிடம்கூட. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்தால் சிரித்தார்கள், தைக்கத் துணி கொடுத்தார்கள். சண்டைக்கு வந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

பால்காரம்மா செம்போடு உள்ளே வந்தவள் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?"

"புதன்கிழமை ஒரு அம்மா கொண்டாந்து குடுப்பாங்க. அளவுக்கு. காலெல்லாம் புழுதியா இருக்கும், பாவம், ரொம்ப தூரம் நடந்து வர்றவங்க போல."

"இதப் போட்டுத்தான அந்தப் பாம்பு கடிச்ச புள்ளயப் பொதச்சோம்." பால்காரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அவ அம்மாவுக்கு வேற புள்ளயும் இல்லியே."

பாலை ஊற்றாமலே போய்விட்டாள்.

தையல்காரி கவுனை எரிக்க நினைத்தாள். தொடக் கை வரவில்லை. மகளுக்கு லீவு விட்டிருந்தது. வாரம் முழுவதும் அவளைக் கண்ணை விட்டு அகலவிடவில்லை. நகரத்துக்கே திரும்பிவிடலாம் என்று கணவனிடம் கெஞ்சினாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவன் வேலைக்குப் போய்விட்டான்.

புதன்கிழமை மத்தியானம். ஈ காக்கை இல்லாத வெயில். தறி ஓடுகிற மாதிரி வண்டுகளின் இரைச்சல், சூடேறிய தகரத்தின் வாசனை, அதற்கும் அடியில் புதிதாகத் தோண்டிய ஈர மண்ணின் வாசனை. நிமிர்ந்தபோது முன்வாசலில் அந்த அம்மா நின்றாள். முட்டிவரை செம்புழுதி.

"தெரியாமப் பண்ணிட்டேன்," என்றாள் தையல்காரி. "நான் அன்னிக்கு வீட்டுல இல்ல."

"மிஷின் சத்தம் நின்னுச்சு." கோபமே இல்லாத குரல். "நீங்க எந்திரிச்சு வர்றீங்கன்னு நெனச்சேன். பாப்பாகிட்டக்கூடச் சொன்னேன், தோ கதவத் தொறக்க வர்றாங்கன்னு. அப்புறம் மறுபடி ஓட ஆரம்பிச்சுது."

"உங்க கால்ல விழுறேன். எம்புள்ளய விட்டுருங்க."

"கவுன் இப்ப சரியா இருக்கும்," என்றாள் அந்த அம்மா.

தையல்காரி திரும்பி மேஜையைப் பார்த்தாள். கவுன் இல்லை. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளும் இல்லை. தரையில் மகளின் சட்டை கிடந்தது. மிஷின் பக்கத்து ஆணியில் கேட் சாவி இல்லை. கொல்லைக் கதவுக்கு அப்பால் தகரக் கேட் அகலத் திறந்து கிடந்தது.

ஓடினாள். வரப்பில் மஞ்சள் தெரிந்தது. பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கணுக்காலில் இரண்டு புள்ளி. வாயோரம் நுரை. மூச்சு இருந்தது. கவுன் உடம்புக்குக் கச்சிதமாக இருந்தது, அவளே அளவெடுத்துத் தைத்த மாதிரி.

வாரி எடுத்துக்கொண்டு திரும்பினாள். ரோடு இதோ. ஆஸ்பத்திரி இதோ. கொல்லையைத் தாண்டினால் போதும்.

கேட் சாத்தியிருந்தது. தள்ளினாள். பூட்டு உள்ளே குலுங்கியது.

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தட்டினாள். தோளில் பிள்ளை கனத்தது. இரண்டு கையாலும் அறைந்தாள். தகரம் உள்ளங்கையைச் சுட்டது. கத்தினாள். வயலுக்கு அப்பால் இருபது வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை.

பூட்டுக்குக் கைவிடுகிற ஓட்டையில் கண்ணை வைத்தாள். கொல்லைக் கதவு திறந்திருந்தது. அவளுடைய மிஷின். பெடல் மேல் புழுதி அப்பிய இரண்டு கால்கள், மேலும் கீழும்.

"அம்மா, தொறங்க. எம்புள்ள, அம்மா."

கால்கள் நின்றன.

மிஷின் சத்தம் நின்றது. வண்டுச் சத்தமும் நின்றது. தோளில் மகள் மெல்ல முனகினாள்.

"தோ, கதவத் தொறக்க வர்றாங்கடா," என்றாள் அவள், மகளின் காதில்.

குதிகால் ஒன்று லேசாக உயர்ந்தது. பெடலை அழுத்தியது. மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.