கடைசித் திரை காலியாகத்தான் இருக்கும்

ஐந்து இருந்தது. நான்குதான் இருக்க வேண்டும்.

அவள் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, எல்லாத் திரைகளையும் ஒன்றாகக் காட்டும் பொத்தானை அமுக்கியபோது, மேலே வரிசையாக ஐந்து சின்னக் கட்டங்கள் தெரிந்தன. முதல் திரையில் அவள் வேலை: வேற்று மொழிப் படங்களுக்கு சப்டைட்டில் எழுதுவது. இரண்டாவதில் மெயிலும் அலுவலக அரட்டையும். மூன்றாவதில் அப்பா. நான்காவது காலி. அதோடு முடிந்தது கணக்கு. ஐந்தாவதற்கு இங்கே என்ன வேலை என்று அவளுக்குப் புரியவில்லை.

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தது அண்ணன். போன முறை ஊரிலிருந்து வந்தபோது, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆள் வைப்பதற்குப் பதில் ஒரு கேமராவை வாங்கி அப்பாவின் அறை அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனான்.

"ஒரே மேசைய நாலு மேசையா வச்சுக்கற மாதிரி," என்று அன்றைக்கு அவன் சொல்லிக்கொடுத்தான். "சூப்பர் கீ, அதான் ஜன்னல் படம் போட்ட கீ, அதோட பேஜ் டவுன் அமுக்கினா நீ அடுத்த திரைக்குப் போவ. கூட ஷிஃப்டையும் அமுக்கினா, திறந்திருக்கற விண்டோவும் உன்கூடவே வரும். கடைசித் திரை எப்பவும் காலியாத்தான் இருக்கும். அதுல எதையாவது திறந்தா, பின்னாடி புதுசா ஒரு காலித் திரை தானா வந்து நிக்கும். மூடினா போயிடும். அவ்வளவுதான்."

அப்படியென்றால் ஐந்தாவது வந்திருப்பதற்கு ஒரே அர்த்தம்தான். நான்காவதில் எதுவோ திறந்திருக்கிறது.

அவள் நான்காவதற்குப் போய்ப் பார்த்தாள். சாம்பல் நிறப் பின்னணி மட்டும். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போடவேண்டிய அளவுக்கு வானம் மூடியிருந்தது. அவள் தலையில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில், எந்தப் படமும் ஓடாதபோது கேட்கும் மெல்லிய இரைச்சலுக்கு அடியில், வேறொன்று, மிக மெதுவாக ஏறி, சற்று நின்று, அதைவிட மெதுவாக இறங்குவது போல இருந்தது, யாரோ வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுவது போல.

முதல் திரைக்குத் திரும்பினாள். சத்தம் நின்றது. அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"ஏதாவது விண்டோ மறைஞ்சு ஒட்டிட்டிருக்கும். லாக்-அவுட் பண்ணிட்டுத் திரும்ப வா, சரியாயிடும்."

"எப்படிண்ணா பண்றது? படத்துல எழுத்து பதிஞ்சிட்டிருக்கு. காலைல போட்டது, இப்பதான் பாதி தாண்டியிருக்கு."

"அப்ப விட்டுத்தள்ளு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு," என்றாள்.

அப்பா இருந்தார். இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறார். பக்கவாதத்தில் இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாது. பேச்சில் பாதி போய்விட்டது. 'குட்டி' என்று அவளைக் கூப்பிடும் சொல் மட்டும் முழுசாக மிஞ்சியது. வலது கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். ஏதாவது வேண்டுமென்றால் அதைக் கட்டில் கம்பியில் தட்டுவார். டங். டங். தண்ணீருக்கும் அதுதான், முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அதுதான், சும்மா அவள் முகத்தைப் பார்ப்பதற்கும் அதுதான்.

முதலில் அவர் படத்தை முதல் திரையிலேயே ஒரு மூலையில் வைத்திருந்தாள். நாள் முழுக்க அவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளே அவள் இருப்பதாக அவருக்கு நினைப்பு. ஒரு வாரத்தில் அவளால் தாங்க முடியவில்லை. மூன்றாவது திரைக்கு நகர்த்தினாள். வேலை ஓடவில்லை என்று அண்ணனிடம் சொன்னாள். அது பொய். அந்தக் கண்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை. அப்படி நினைக்கிற தன்னையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நாலு மணிக்கு அலுவலகத்திலிருந்து வீடியோ கால். அவளுடைய மேலதிகாரிக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்திருந்த பெயர் மணிக்கூண்டு. எப்போது முடியும், எத்தனை மணிக்கு முடியும் என்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு பேச்சு கிடையாது.

"எப்ப முடியும்?"

"ஆறு மணிக்குள்ள கொடுத்துடறேன் மேடம்."

டங். டங். டங்.

"என்ன சத்தம் அது? கோயில் மாதிரி?"

"பக்கத்துல வேலை நடக்குது மேடம்."

டங். டங். டங். டங்.

அவள் மைக்கை அணைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது திரைக்குத் தாவினாள். அப்பா கேமராவைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தார். வாய் கோணிக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்.

"கொஞ்ச நேரம் எங்கயாவது தொலைஞ்சு போங்களேம்ப்பா," என்றாள் வாய்விட்டே. சொல்லிக்கொண்டே, அவர் படத்தைத் தன் கண்ணில் படாத தூரத்துக்கு அனுப்பிவிடும் வெறியில், ஷிஃப்டையும் சேர்த்து அமுக்கினாள். அப்பாவின் விண்டோ பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு நான்காவது திரைக்குப் போனது. அதை அங்கேயே விட்டுவிட்டு முதல் திரைக்கு வந்தாள்.

தட்டும் சத்தம் நின்றது.

அப்பாடா என்றிருந்தது. மணிக்கூண்டு மேடம், ஒரு நிமிஷத்தில் வருகிறேன், லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியிலிருந்து எழுந்துபோனாள். கால் திறந்தே கிடக்க, அவள் இருபது நிமிடம் ஆனந்தமாக வேலை பார்த்தாள். இரண்டு வருடத்தில் இப்படி ஒரு இருபது நிமிடம் கிடைத்ததில்லை. அதற்குப் பிறகுதான் அந்த அமைதி உறைத்தது. அப்பா தூங்கினால்கூட குறட்டை கேட்கும். இருமல் கேட்கும். மழைச் சத்தம் தவிர வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை.

நான்காவது திரைக்குப் போனாள்.

படத்தில் கட்டில் இருந்தது, அப்பா இருந்தார், ஆனால் கட்டிலுக்குப் பின்னால் இருக்கவேண்டிய ஜன்னலும் காலண்டரும் மருந்து அலமாரியும் இல்லாமல், மேலே எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரே சாம்பல் நிறம் நான்கு பக்கமும் பரவியிருக்க, அவருடைய காலடியில், யாரோ வந்து உட்கார்ந்தது போல, மெத்தை ஒரு பக்கமாக அமுங்கியிருந்தது. அங்கே யாரும் இல்லை. அப்பாவின் கண் அந்த அமுங்கிய இடத்தில் நிலைகுத்தியிருந்தது. டம்ளர் அவர் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். வராந்தா. கதவு. விளக்கு.

கட்டில் காலி.

தலையணையில் தலை வைத்த பள்ளம் இருந்தது. கை வைத்துப் பார்த்தாள், இன்னும் சூடு இருந்தது. டெட்டாலும் வியர்வையும் கலந்த அப்பாவின் வாசம் அப்படியே இருந்தது. சக்கர நாற்காலி சுவரோரம் மடித்தபடி நின்றது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். புரண்டு படுக்க முடியாத மனுஷனை பீரோவுக்குள் தேடினாள். வாசல் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்தது.

"அண்ணா, அப்பாவக் காணோம்."

"காணோம்னா? அவரு எங்க போவாரு?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்காருண்ணா. நான்தான் தள்ளிவிட்டேன். நாலாவதுல இருக்காரு."

"நீ சரியாத் தூங்கறியா இல்லியா?" என்றான் அண்ணன். "முதல்ல அந்தக் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணு. பக்கத்து வீட்ல யாரையாவது கூப்பிடு."

"ஆஃப் பண்ணா அப்பா போயிடுவாருண்ணா!"

அவள் போனை வைத்துவிட்டாள். லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தாள். தள்ளிவிட்ட விரல்தானே, திரும்ப இழுத்துக்கொள்ள முடியாதா? சூப்பர், ஷிஃப்ட், பேஜ் அப். விண்டோ வழுக்கிக்கொண்டு மூன்றாவது திரைக்குத் திரும்பியது. ஜன்னல் வந்தது. காலண்டர் வந்தது. கட்டில் வந்தது. அப்பா வரவில்லை.

ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள். நான்காவது திரைக்குப் போனாள். வெறும் சாம்பல். அதற்குள் எங்கோ, டங்.

ஐந்தாவது. டங். கொஞ்சம் தள்ளி.

எல்லாத் திரைகளையும் காட்டும் பொத்தானை அமுக்கினாள். கட்டங்கள் ஏழு இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டு. ஒன்பது. வரிசை நீள நீளக் கட்டங்கள் சிறுத்துக்கொண்டே போயின. எல்லாம் சாம்பல். எல்லாம் காலி. பன்னிரண்டு. கடைசிக் கட்டம் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக முளைத்தது, உள்ளே ஒன்று போய்க்கொண்டே இருப்பதால், அது அப்பாவை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பதால். அவள் பேஜ் டவுன், பேஜ் டவுன் என்று அமுக்கித் துரத்தினாள். பதினைந்து. டங். பத்தொன்பது. சத்தம் கிணற்றடியிலிருந்து வருவது போலத் தேய்ந்தது. சத்தம் மட்டும்தான் அவளுக்கு எட்டியது.

"அப்பா, தட்டிக்கிட்டே இருங்கப்பா," என்று அழுதாள். "நிறுத்தாதீங்க. எவ்வளவு வேணா தட்டுங்க."

அவருடைய படம் போனபோது அவர் போனார். அவ்வளவுதானே நடந்தது. முதல் திரைக்கு வந்தாள். வீடியோ கால் இன்னும் திறந்தே கிடந்தது. மணிக்கூண்டின் காலி நாற்காலிக்குப் பக்கத்துக் கட்டத்தில் அவளுடைய முகம், அழுது வீங்கி, அவளையே பார்த்தது. யோசித்தால் பயம் வந்துவிடும். அவள் யோசிக்கவில்லை. அந்த விண்டோவைப் பிடித்தாள். சூப்பர். ஷிஃப்ட். பேஜ் டவுன்.

இரண்டு. மூன்று. நான்கு.

மழைச் சத்தம் அறுந்தது.

கீழே நாற்காலி இல்லை. தரை இருந்தது, சூடும் இல்லை, குளிரும் இல்லை. வாசனை என்று ஒன்றுமே இல்லை, அவளுடைய வியர்வைக்குக்கூட. நிழல் விழவில்லை. முன்னால் எல்லாம் சாம்பல். டங். அவள் ஓடினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சிரைத்தது. அந்த மூச்சும் ஒலிக்கவில்லை. டங். கிட்டே. டங். இன்னும் கிட்டே.

அப்பா தரையில் கிடந்தார். இழுத்து வந்ததில் வேட்டி முழங்காலுக்கு மேல் சுருண்டிருந்தது, ஒரு குதிகால் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. இழுத்து வந்தது, அவள் வந்ததும் விட்டுவிட்டுப் போயிருந்தது.

"குட்டி," என்றார்.

"வந்துட்டேம்ப்பா. மன்னிச்சுக்கோங்கப்பா. வந்துட்டேன்."

அவர் அழுதார். டம்ளரை விடாமலே, வலது கை விரலால் ஹெட்ஃபோன் இல்லாத அவள் காதைத் தொட்டுப் பார்த்தார். அவள் அவரை உப்பு மூட்டையாகத் தூக்கிக்கொண்டாள். ஒரு காலத்தில் அவளைத் தூக்கிய உடம்பு, இன்றைக்கு அரிசிப் பைகூட இல்லை. அவள் வந்த வழியே நடந்தாள். பத்து எட்டுக்கு ஒரு தரம் நின்றாள். மறுபடி நடந்தாள். கழுத்தில் அவர் மூச்சு பட்டது. இனி முதல் திரையில்தான் வைப்பேன், பெரிதாக, நடுவில் வைப்பேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. சுவர் அளவுக்குப் பெரிய கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் அவளுடைய அறை. மேசை விளக்கு. பாதி குடித்து வைத்த தண்ணீர். மழை அடிக்கும் ஜன்னல். எல்லாம் இருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் கை நீட்டினாள். கண்ணாடி கல் மாதிரி இருந்தது.

நாற்காலி மேசையோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

மேலே, தலை இருக்கவேண்டிய உயரத்தில், அவளுடைய ஹெட்ஃபோன் அந்தரத்தில் நின்றது. அசையாமல். விசைகள் தானாக இறங்கி ஏறின. அது அவளுடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய வேகத்தில்.

"யாரு? யாரு அது? இங்க இருக்கோம்! இங்க பாரு!"

அவள் கண்ணாடியை அறைந்தாள். முதுகில் இருந்தபடி அப்பா டம்ளரால் அறைந்தார். டங். டங். டங்.

ஹெட்ஃபோன் நிமிர்ந்தது. அவர்கள் பக்கம் திரும்பியது. கண் இல்லாத ஒன்று அவர்களைப் பார்த்தது. அவளுக்குத் தெரிந்த பார்வை அது. அந்தச் சலிப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"வேண்டாம்," என்றாள்.

ஒரு விசை இறங்கியது. அதைப் பிடித்தபடியே இன்னொன்று. பிறகு மூன்றாவது: பேஜ் டவுன்.

மேசை, விளக்கு, ஜன்னல், மழை எல்லாம் ஒன்றாகப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போக, அப்பாவை முதுகில் சுமந்தபடி அவள் அந்த வெளிச்சத்தின் பின்னால் ஓடினாள். விசை மறுபடி இறங்கியது.