முன்னால் போன வண்டி

இருபது நிமிடத்தில் அடங்கியிருக்க வேண்டிய புழுதி அன்றைக்கு அடங்கவில்லை.

அதற்காகத்தான் அந்த இருபது நிமிட விதியே. முதல் வண்டி கிளப்பிய மண்ணெல்லாம் கீழே இறங்கின பிறகுதான் இரண்டாவது வண்டி புறப்பட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வருகிறவனுக்குப் பாதை தெரியாது, டயரைப் பற்றி அவன் சொல்வதை நம்பவும் முடியாது. மணல்வெளியில் இருபத்தைந்து கிலோமீட்டர், அப்புறம் சரளைக்கல், அப்புறம் மலையில் ஏறி இறங்கும் பாறைத் தடம்; சுற்றி வந்தால் அறுபது. ஒன்பது வருடமாக இவன் இந்தப் பாதையில் புது டயர்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றும் கடிகாரத்தைப் பார்த்து, சரியாக இருபது நிமிடம் கழித்துத்தான் கிளம்பினான். ஆனால் முன்னால் அரைக் கிலோமீட்டர் தூரத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு மஞ்சளாக ஒரு திரை நின்றது. வேகமெடுத்தால் அதுவும் தள்ளிப்போனது. வேகத்தைக் குறைத்தால் காத்திருந்தது. காற்று துளிகூட இல்லாத மூன்று மணி வெயில். கண்ணாடியை ஏற்றி விட்டிருந்தும் பல்லுக்கிடையில் மண் நறநறத்தது.

முன்னால் போகிறவன் இவனுடைய மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. எட்டு மாதத்துக்கு முன்னால் இவன்தான் பொறியாளரிடம் போய்ச் சொல்லி அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டான். முதல் மாதம் "நம்ம பையன், பார்த்துக்கங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். இரண்டாம் மாதம்தான் அது நடந்தது. பொறியாளர் யாருக்கும் சொல்லாமல் ஒரு பின் டயரில் இரண்டே இரண்டு பவுண்டு காற்றை இறக்கிவிட்டு, இருவரையும் தனித்தனியாக ஓட்டச் சொன்னார். மச்சினன் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "மேடம், வலது பின்னாடி காத்து கொஞ்சம் கம்மி" என்றான். இவன் அறுபது கிலோமீட்டரும் ஓட்டி முடித்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான்.

"உனக்கு உட்கார்ற இடத்துல மீட்டர் கீட்டர் வெச்சுத் தெச்சிருக்காங்களாடா?" என்று மெக்கானிக் கேட்க, வண்டிக் கொட்டகையே சிரித்தது. இவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் தாடை வலித்தது.

அன்றிலிருந்து பொறியாளர் முதலில் மச்சினனின் தாளைத்தான் வாசிப்பார். வீட்டிலும் அதுவே. "தம்பியப் பத்தி மேடம் என்ன சொன்னாங்க?" என்றுதான் மனைவி கதவைத் திறப்பாள். நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்று அவள் கேட்டு எத்தனை மாதமாகிறது என்று இவன் ஒரு நாள் படுத்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தான். போட்ட கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. அது வயிற்றுக்குள் சூடான கூழாங்கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

இன்று மாலை இருவரில் ஒருவரைத் தலைமை ஓட்டுநராகப் போடப் போகிறார்கள். அவர் கையெழுத்து விழுந்தால்தான் இனி எந்த டயரும் கடைக்குப் போகும்.

இவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவன் தன் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. எண் தெரிந்துவிட்டால் மனசு அதற்கேற்றபடி சொல்ல ஆரம்பித்துவிடுமாம். அதனால் ஒருவன் வண்டிக்கு மற்றவன் காற்று வைத்து, அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவான். காலையில் இவன் மச்சினன் வண்டிக்கு வைத்தான். நான்கு டயருக்கும் இருபத்தாறு பவுண்டு என்று எழுதினான். மூன்றில் இருபத்தாறு வைத்தான். இடது முன் டயரருகே குத்துக்காலிட்டு வால்வை நகத்தால் அழுத்தியபோது, ரப்பர் நாற்றத்தோடு வெளியேறிய காற்று விரல் நுனியைச் சில்லென்று தொட்டது. பதினாறில் நிறுத்தினான். அவன் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. கண்டுபிடிக்காவிட்டால் அந்த மீட்டர் பொய் என்று தெரிந்துவிடும். கண்டுபிடித்து நடுவில் நிறுத்தினால் ஓட்டம் பாழாகும். எப்படியும் அவன் பேர் கொஞ்சம் கெட்டால் போதும். அவ்வளவுதான் நினைத்தான்.

சரளைக்கல் ஆரம்பிக்கும் இடத்திலிருந்து மச்சினன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான்.

"மாமா, இடது முன்னாடி மெத்துன்னு இருக்கு. காத்து சரியாத்தான் வெச்சீங்களா?"

வயர்லெஸ் கரகரத்தது. பொறியாளரும் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது இவனுக்குத் தெரியும்.

"இருபத்தாறுதான். நானே வெச்சேன். கல்லு மேல ஏறினா அப்படித்தான் தெரியும். ஓட்டு."

"நீங்க சொன்னா சரி மாமா. எனக்குத்தான் ஏதோ மந்தமா இருக்கு போல."

அந்தக் குரலில் சந்தேகம் இல்லை. வெட்கம்தான் இருந்தது, பாடத்தைத் தப்பாக ஒப்பித்துவிட்ட பிள்ளையின் வெட்கம். இவனுக்கு ஒரு கணம் தித்திப்பாக இருந்தது. உடனே, எதற்கென்று தெரியாமல், முதுகு குளிர்ந்தது.

மலை வந்தது. வெயில் பாறைகளுக்குப் பின்னால் போய்விட, தடத்தில் நீல நிழல் விழுந்து, எஞ்சின் ஓசை இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பி, பக்கத்தில் இன்னொரு வண்டி வருவது போலவே கேட்டது. அந்தப் புழுதி மட்டும் ஒவ்வொரு வளைவுக்கும் அப்பால் மெல்லக் கலைந்து, மறுபடி ஒன்றுகூடி, அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கீழே மச்சினன் வண்டியின் தடம் தெளிவாக இருந்தது. மூன்று டயர்களின் அச்சுகளும் சீராக விழுந்திருந்தன. இடது முன் டயரின் அச்சு மட்டும் அகலமாக, ஓரங்கள் இரண்டும் ஆழமாகப் பதிந்து, நடுவில் தொட்டும் தொடாமலும் போயிருந்தது. காற்று குறைந்த டயரின் அச்சு. ஒன்பது வருட அனுபவத்தில் இதை வாசிக்க இவனுக்கு மீட்டர் வேண்டியதில்லை.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் டயருக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். சரளைக்கல்லுக்கு மச்சினன் ஆறு கொடுத்தான். ஏற்றத்துக்கு ஐந்து. அப்புறம் வெகு நேரம் ஒன்றும் இல்லை.

ஏழாவது வளைவில் அந்த அகலமான அச்சு முடிந்தது. அதற்கு மேல் பாறையில் வெள்ளையாக ஒரு கீறல். டயர் கழன்று வெறும் இரும்பு உரசிய கீறல். அது பள்ளத்தின் ஓரம் வரை போயிருந்தது. ஓரத்தில் அடுக்கியிருந்த கற்களில் மூன்றைக் காணோம்.

இறங்கினான். கால் தானாக நடந்தது. எட்டிப் பார்த்தான்.

வெகு கீழே, கவிழ்ந்து கிடந்தது வண்டி. டீசல் நெடி மேல் வரை வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை, நீலச் சட்டைக் கை, இருக்கக் கூடாத கோணத்தில் கிடந்தது. விழுந்து இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். ஆனாலும் பின் சக்கரம் ஒன்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். அது நிற்கவில்லை.

வண்டிக்கு ஓடி வந்து வயர்லெஸ் பொத்தானில் கட்டை விரலை வைத்தான். அழுத்தினால் ஆள் வருவார்கள். வந்தால் இடது முன் டயரின் அந்த அகலமான அச்சைப் பார்ப்பார்கள். அட்டையில் இவன் கையெழுத்து. 'நானே வெச்சேன்' என்றதைப் பொறியாளர் தன் காதால் கேட்டிருக்கிறார். கதவைத் திறக்கும் மனைவியின் முகம்.

விரலை எடுத்தான்.

அப்போது வயர்லெஸ் கரகரத்தது.

"ஏழாவது வளைவு முடிஞ்சுது மேடம்," என்றது மச்சினன் குரல். அமைதியாக. "ஒன்பது."

"ஒன்பதா?" பொறியாளரின் குரலில் சிரிப்பு. "இந்த வளைவுக்கு யாருமே ஏழுக்கு மேல குடுத்ததில்லையே தம்பி."

"இப்பத்தான் நல்லாத் தெரியுது மேடம்."

இவனுக்குள் முதலில் எழுந்தது பயம் அல்ல. அதைப் பிறகு நினைத்தபோது தன் மேலேயே துப்ப வேண்டும் போலிருந்தது. ஒன்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூட ஒன்பது சொன்னதில்லை, அவன் எப்படிச் சொல்லலாம் என்பதுதான் முதலில் எழுந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது. வந்து, போகவில்லை.

வண்டியைக் கிளப்பினான். திரும்பிப் போக அந்தத் தடத்தில் இடமில்லை. முன்னால்தான் போக வேண்டும். வளைவுக்கு அப்பால் தடத்தில் எந்த அச்சும் இருக்கக் கூடாது.

இருந்தது. நான்கு டயர் அச்சும். சீராக.

"மேடம், இங்க கல்லு இல்ல," என்றது குரல். "மண்ணும் இல்ல. சத்தமே இல்ல. பத்து."

"பத்து. சரி, எழுதிக்கிட்டேன். வந்து சேருங்க தம்பி. முடிவு பண்ணியாச்சு. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"மாமா வருத்தப்படுவாரு மேடம்."

"அவருக்கு நான் சொல்லிக்கறேன்."

இவன் வயர்லெஸ்ஸை அணைத்தான். சிவப்பு விளக்கு போயிற்று. இறக்கம் தொடங்கியது. நிழல் கெட்டியாகிவிட்டது. புழுதி இப்போது அரைக் கிலோமீட்டரில் இல்லை. நூறு அடி. ஐம்பது. அதற்குள் நுழைந்தான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயும் மண் மெல்ல மிதந்தது. டீசல் நெடி. கூடவே வேறொன்று, இரும்பு நாணயத்தை நாக்கில் வைத்த மாதிரி.

"இடது பக்கம் இழுக்குது பாருங்க மாமா."

அணைத்த வயர்லெஸ்ஸிலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது. அல்லது முன்னாலிருந்து.

இவன் பேசவில்லை. பேசினால் பதில் வரும்.

ஸ்டியரிங் லேசாகிவிட்டது. பிடித்திருக்கிறோமா என்றே தெரியவில்லை. கால்கள் எதையும் மிதிக்கவில்லை. வண்டி மட்டும் போனது. வளைவுகள் தாமாக வந்தன, தாமாகத் திரும்பின. அழகாக. இவன் ஒருநாளும் திருப்பாத அழகோடு. முழங்கால் எதிலோ இடித்தது. முன் கண்ணாடி தூரத்தில் இருந்தது. ஏன் இவ்வளவு தூரத்தில்?

புழுதி விலகியது. கொட்டகை. கேட். வெளிச்சம்.

பொறியாளர் கையில் தாளோடு வேகமாக நடந்து வந்தார். பின்னால் மெக்கானிக், கைதட்டிக்கொண்டே. இவன் அழத் தயாரானான். சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். காற்று, அட்டை, வளைவு. கதவுக்குக் கை நீட்டப் பார்த்தான்.

கை நகரவில்லை. கைகள் இரண்டும் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. பார்த்தான். முன் இருக்கையின் முதுகு.

இவன் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

ஓட்டுநர் ஜன்னல் கண்ணாடி இறங்கியது. பொறியாளர் குனிந்தார். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஒன்பது வருடம். அது முன் இருக்கைக்குப் போயிற்று. இவன் மேல் ஒரு தரமும் படவில்லை.

"வாழ்த்துகள் தம்பி. இங்க ஒரு கையெழுத்து. தலைமை ஓட்டுநர்னு போட்டிருக்கு பாருங்க, அதுக்குக் கீழ."

நீலச் சட்டைக் கை ஒன்று பேனாவை வாங்கியது. முழங்கைக்குக் கீழே அது இரண்டு இடத்தில் மடங்கியிருந்தது. விரல்கள் கறுத்திருந்தன. கையெழுத்து மட்டும் மணி மணியாக விழுந்தது.

இவன் கத்தினான். கத்தியது தன் காதுக்கே கேட்கவில்லை.

"உங்க மாமா இன்னும் வரலையே," என்று பொறியாளர் மலைப் பக்கம் பார்த்தார். "அவருக்கும் டீ எடுத்து வைக்கச் சொல்றேன்."

"பரவாயில்ல மேடம். இன்னொரு சுற்று போயிட்டு வந்துடறோம்."

பொறியாளர் தலையாட்டினார். தாளை மடித்துக்கொண்டு நகர்ந்தார். மெக்கானிக் கேட்டைத் திறந்துவிட்டான்.

கியர் விழுந்தது. வண்டி திரும்பியது. மலையைப் பார்த்து.

முன் இருக்கையில் உடம்பு நேராகத்தான் இருந்தது. கைகள் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது. தோளைத் தாண்டி. இன்னும். முதுகுப் பக்கம் முழுவதுமாக. மண் அடைத்த கண்களும், மண் அடைத்த வாயும்.

அந்த முகம் வெட்கத்தோடு சிரித்தது. பாதையை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனது.