ஐம்பதாயிரமாவது சொல்

முப்பது நாளில் ஐம்பதாயிரம் சொற்களில் ஒரு நாவல். அதுதான் போட்டி. பரிசு கிடையாது. முடித்தவர்களுக்கு முடிக்காதவர்கள் கைதட்டுவார்கள். இதற்காக என் அண்ணன் அலுவலகத்தில் ஒரு மாதம் விடுப்பு எடுத்து, எவரும் நிலைத்துத் தங்காத பழைய வீடொன்றின் மாடி அறையைப் பிடித்தான். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன். இந்த முறையும் தோற்றால் எழுத்தையே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தான். இலக்கியத்துக்கு நல்ல காலம் பிறக்கிறது என்று நினைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். மாடிப்படி வெயிலில் கொதித்தது. அறைக்குள் மட்டும் குளிர். ஈரத்தாள் மட்கும் வாடை. சுவர் முழுக்க அட்டவணைகள்: எழும் நேரம், எழுதும் நேரம், சிந்திக்கும் நேரம். அப்போது சிந்திக்கும் நேரம். அண்ணன் அட்டவணைக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவுண்ணா ஆச்சு?"

"நாப்பத்தோராயிரம்! குளிச்சிட்டு வர்றதுக்குள்ளயே ஐந்நூறு ஏறிடுதுடா."

"நீ குளிக்கும்போது யாரு எழுதுறா?"

"ஆழ்மனசு."

"படிச்சுப் பாத்தியா?"

"மாசம் முடியுற வரைக்கும் எழுதினதைத் திரும்பிப் படிக்கக் கூடாது. அதான் விதி. படிச்சா வேகம் போயிடும்."

நான் அவன் மடிக்கணினியில் படித்தேன். முதல் பக்கம் அண்ணனுடையதுதான்: மழை, சன்னல், மறுபடியும் மழை. இரண்டாம் பக்கத்திலிருந்து நடை மாறியது. வாக்கியங்கள் நன்றாக இருந்தன. எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

'இன்று நான்கு மணி நேரம் பென்சில் சீவினான். பிடரியைச் சொறிந்தான். இவ்வளவு அருகில் நிற்கிறேன், ஒருமுறைகூடத் திரும்பமாட்டேன் என்கிறான்.'

பக்கம் பக்கமாக இப்படித்தான். எல்லாம் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

கடைசி வரி: 'ஐம்பதாயிரமாவது சொல் வரை இவன் தேவை.'

"அண்ணா..." அவன் தோளை உலுக்கினேன். "இது நீ எழுதினது இல்ல. இதைக் கேளு."

வாய்விட்டுப் படித்தேன். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். விதியாம்.

அவன் கைகள் காதில்தான் இருந்தன.

விசைகள் ஒவ்வொன்றாக அழுந்தின.

மடிக்கணினியை அறைந்து மூடினேன்.

உள்ளே தட்டும் சத்தம் நிற்கவில்லை.

"யாரு எழுதினா என்னடா?" என்றான் அண்ணன், குழந்தையைத் தூக்குவதுபோல் மூடியைத் திறந்து. "கணக்கு ஏறுதில்ல? இன்னும் கொஞ்சம்தான். முடிச்சிட்டு வரேன்னு அம்மாகிட்ட சொல்லு."

இழுத்தேன். நாற்காலியோடு வந்தானே தவிர எழவில்லை. அப்பாவைக் கூட்டிவர ஓடினேன்.

திரும்பி வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாற்காலி காலி. இருக்கையில் இன்னும் சூடு. திரையில் சரியாக ஐம்பதாயிரம். போட்டியின் இணையக் குழுவில் அறுபது பேர் கைதட்டியிருந்தார்கள். ஒருவர்கூட ஒரு வரி படித்திருக்கவில்லை.

"டேய் பெரியவனே!" என்று கூப்பிட்டபடி அப்பா குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. புதிதாக ஒரு பக்கம் திறந்தது. எழுத்தெழுத்தாக வந்தது.

'இவன் படிக்கிறவன். இவனை நிதானமாக எழுத வேண்டும்.'