இரண்டாவது சர்வர்

"போடு" என்றான் இளவரசு போனில். அவ்வளவுதான். "தாயே" வரவில்லை.

வெண்மதியின் விரல் ஒரு கணம் நின்றது. கணவனும் மனைவியும் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். கடலூரில் ஒரு சர்வர், சிதம்பரத்தில் இன்னொன்று. நோயாளிகளின் படமெல்லாம் இரண்டிலும் இருக்கும். ஒன்று மற்றதை ஓயாமல் "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால், உயிரோடிருப்பது செத்ததன் பெயரையும் வேலையையும் எடுத்துக்கொள்ளும். மாறியது வெளியே யாருக்கும் தெரியாது. ஒரே பெயரில் இரண்டும் விழித்துக்கொண்டால்தான் வம்பு. அப்போது ஒன்றை அணைத்தே ஆகவேண்டும்.

சிதம்பரம் சர்வருக்குக் கரண்ட் கொடுப்பதும் நிறுத்துவதும் கடலூர் வீட்டிலிருந்தபடி வெண்மதிதான். அவன் அங்கே போய் மெஷினில் கை வைக்கிற நாளில், "போடு தாயே" என்று பிச்சைக்காரன் மாதிரி இழுத்துச் சொன்னால்தான் போடுவாள். அது வேறு யாருக்கும் தெரியாத வழக்கம். வேறு யாரோ சொன்னதை நம்பிப் போட்டு, அவன் கை உள்ளே இருந்துவிட்டால்?

பாவம், மழையில் அலுத்துப் போயிருப்பான் என்று நினைத்தாள். போட்டாள்.

"ஓடுது. கெளம்புறேன்."

போன் அடங்கிய பிறகுதான் உறைத்தது. சற்று முன்பு பேசியபோது அங்கே தகரக் கூரையில் மழை அடித்த அடியில் அவன் கத்தித்தான் பேசினான். இப்போதோ மழை இல்லை, மெஷினின் இரைச்சல் இல்லை, பேச்சுக்கு நடுவே இழுக்கிற மூச்சுகூட இல்லை.

சிதம்பரம் சர்வர் அறையின் கேமராவைத் திரையில் திறந்தாள்.

தரையெல்லாம் தண்ணீர். அதில் இளவரசு குப்புறக் கிடந்தான். ஒரு கை மெஷினுக்குள்.

அங்கிருக்கும் வாட்ச்மேனுக்கு போன் போட்டாள். "ஆண்டிண்ணே! உள்ள ஓடிப் பாருங்க, அவரு விழுந்து கெடக்குறாரு!"

"என்னம்மா சொல்ற? தம்பி இப்பதான பூட்டிட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போச்சு. இந்த மழயில கோட்டுகூட போடல. ஆனா சட்ட நனையவே இல்லம்மா, அதான்..."

லைன் அறுந்தது.

திரையில் கீழே கிடந்தவனின் விரல் அசைந்தது.

உயிர் இருக்கிறது! அய்யோ, கரண்ட்டை நிறுத்தணும். இப்பவே. மவுஸைப் பிடித்தாள். கை வழுக்கியது.

வாசலில் வண்டிச் சத்தம்.

சிதம்பரத்திலிருந்து இதற்குள் யாராலும் வரமுடியாது. வழியில் முதலில் வரும் புவனகிரியைக்கூடத் தாண்டியிருக்க முடியாது.

கேட் திறந்தது. சாவி திரும்பியது.

வயர் கருகும் நாற்றம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் முகம்தான் இருக்கும் என்று தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

கரண்ட்டை நிறுத்தும் பொத்தான் திரையில் எதிரே இருந்தது. ஒரு அழுத்து. ஒன்றே ஒன்று.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. உலர்ந்த சட்டைக் கை. மோதிரம்கூட அதே மோதிரம். அவள் விரல்கள்மேல் படிந்து, மவுஸோடு சேர்த்து இறுக்கியது.

"விடு தாயே" என்று இழுத்தது குரல், அப்படியே அவனைப்போல. "ஒண்ணு போதும்ல?"

திரையில் விரல் தண்ணீரைத் தட்டியது. நின்றது. மறுபடியும் தட்டியது.